ஊர் வீதியும் சோலை வரியும்

வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜுபைல் நகரத்துத் தேநீர்க் கடைகளின் முன்னால் எம்மவர் கூடுவது வழக்கம். கிழமை முழுவதும் எரிவாயுக் குழாய்களுக்கும் இரசாயனத் தொட்டிகளுக்கும் இடையே உழைப்பவர்கள் அந்த ஒரு பொழுதில்தான் ஊர்க்கதை பேசுவர். அண்மையில் அவ்வாறான கூட்டமொன்றில், வலிகாமத்துக் கிராமம் ஒன்றின் வாசிகசாலையினர் அனுப்பிய கடிதம் கைத்தொலைபேசி வழியே ஒவ்வொருவரிடமும் சென்று வந்தது. கோவிலடியிலிருந்து பள்ளிக்கூடம் வரையான ஒழுங்கை மாரி வெள்ளத்தால் சிதைந்துவிட்டது. பிள்ளைகள் சைக்கிளில் போக முடியவில்லை. வெளிநாட்டிலுள்ள ஒவ்வொரு குடும்பமும் இயன்றதை அனுப்பினால் கொங்கிறீற் இட்டுத் திருத்திவிடலாம் என்பதே அதன் சாரம்.

இளைஞர் ஒருவர் உடனே இருநூறு ரியாலை எடுத்து மேசையில் வைத்தார். வயதில் மூத்த ஒருவர் தலையை அசைத்தார். “காசு இல்லாமல் இல்லைத் தம்பி. ஆனால் இது பிரதேச சபையின்ரை வேலை. நாங்கள் போட்டுக் குடுத்தால் அவையள் எப்ப போடுறது?” என்றார். “சபை போடுமெண்டு பாத்துக்கொண்டிருந்தால் என்ரை பிள்ளை பள்ளிக்கூடமே முடிச்சிடும் அண்ணை” என்று இளைஞர் பதில் கூறினார். மூன்றாமவர் இடையிற் புகுந்தார்: “இஞ்சை நாங்கள் ஒரு சதம் வரி கட்டேல்லை. றோட்டைப் பாருங்கோ, கண்ணாடி மாதிரிக் கிடக்கு. அங்கை எல்லாத்துக்கும் வரி. றோட்டு முழுக்கக் குழி.”

அம்மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. மூவர் கூற்றும் முழுமையானவை அல்ல என்பதே எமது எண்ணம். ஊர் வீதி ஒன்றைத் திருத்துவதற்கு உரிய பணம் யாருடைய மடியிலிருந்து வரவேண்டும் என்னும் வினா, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஊர்ச்சங்கக் கூட்டங்கள் தோறும் எழுகின்ற வினாவே. அதனைச் சற்று ஆறுதலாக ஆராய்வது பயனுடையது.

வரியில்லா வீதிகள்

ஜுபைல் ஒரு காலத்தில் முத்துக் குளிப்போரும் மீன்பிடிப்போரும் வாழ்ந்த சிறிய கடற்கரை ஊராக இருந்தது. 1975ஆம் ஆண்டில் ஜுபைல், யன்பு ஆகிய இரண்டு இடங்களுக்குமென அரச ஆணைக்குழு ஒன்று நிறுவப்பட்ட பின்னரே இங்கு கைத்தொழில் நகரம் எழுந்தது. கரையோரத்தின் பெரும்பகுதி உப்புப் படிந்த சேற்று நிலம். அதன்மேல் நேரே தாரை ஊற்றினால் நில்லாது. மண் கொணர்ந்து நிலத்தை உயர்த்தி, இறுக்கி, அதன் பின்னரே வீதி சமைக்க வேண்டும். பாலைக் காற்று மணலை வாரி வந்து வீதியை மூடும். கோடை வெயிலில் தார் இளகும். பாரவூர்திகளின் சக்கரங்கள் அதில் தடம் பதிக்கும். ஆகவே இங்குள்ள வீதிகள் தாமாகவே கண்ணாடி போற் கிடக்கவில்லை. அவற்றைக் கூட்டவும் கீறி எடுத்து மறுபடி தார் இடவும் ஓயாது ஆட்களும் பணமும் வேண்டும்.

அந்தப் பணம் நெடுங்காலம் எண்ணெயிலிருந்து வந்தது. சம்பளத்துக்கு வருமான வரி இல்லாதபடியால், எம்மவர் பலர் வீதி இனாமாகக் கிடைக்கின்றது என எண்ணிக்கொண்டனர். வரி இல்லை என்பதற்குச் செலவு இல்லை என்பது பொருளன்று. நிலத்துக்கடியில் உள்ள சொத்தை விற்று அரசு செலவு செய்தது என்பதே பொருள்.

2014இன் நடுப்பகுதியில் பீப்பாய் ஒன்று 100 டொலருக்கு மேல் விலைபோன எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டொலருக்கும் கீழே வீழ்ந்தது. அதன் பின் நிகழ்ந்தவற்றை ஜுபைலில் வாழும் எவரும் மறக்கமாட்டார். 2017 யூலையில், உடனிருக்கும் குடும்பத்தவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் தீர்வை வந்தது. ஆண்டுதோறும் நூறு நூறாக உயர்ந்து அது 2020இல் 400 ரியாலானது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள ஒருவர் ஆண்டொன்றுக்கு 14,400 ரியால் கட்டவேண்டிய நிலை. பலர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியறைக்கு மாறினர். 2018 ஜனவரி முதலாந் திகதி பெறுமதி சேர் வரி 5 வீதமாக அறிமுகமானது. 2020 யூலையில் அது 15 வீதமாயிற்று. உணவுக்கும் உடைக்குமாக மாதம் 600 ரியால் செலவிடும் தொழிலாளி ஒருவர், அதனுள் ஏறத்தாழ 78 ரியாலை வரியாகக் கொடுக்கின்றார். ஆண்டுக்கு 900 ரியாலுக்கு மேல். தேநீர்க் கடையில் “ஒரு சதம் வரி கட்டேல்லை” என்றவர், அந்தத் தேநீருக்கே வரி கட்டிக்கொண்டிருந்தார்.

அயலிலும் இதுவே கதை. பஹ்ரெய்னுக்குச் செல்லும் கடற்பாலம் 1986இல் திறக்கப்பட்டது. அதனைக் கடக்கும் வாகனம் கட்டணம் செலுத்தவேண்டும். துபாயில் 2007 யூலை தொட்டு வீதிச் சுங்கம் அறவிடப்படுகின்றது. வரியாகவோ, சுங்கமாகவோ, எண்ணெய் விற்ற பணமாகவோ, வீதிக்கு யாராவது ஒருவர் விலை கொடுத்தே தீரவேண்டும்.

ஆறு நாள் உழைப்பு அல்லது மூன்று சிலிங்

எமது நாட்டில் வீதிக்காக மக்களிடம் அறவிட்ட வரலாறு கசப்பானது. மன்னர் காலத்து இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை, ஆங்கிலேயரும் வீதி அமைக்கப் பயன்படுத்தினர். கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசின் பேரில் 1832இல் அது ஒழிக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகளின் பின், தேசாதிபதி ரொறிங்ரன் அதனை வேறு உருவில் மீட்டெடுத்தார். 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டப்படி, 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டில் ஆறு நாள் வீதியில் வேலை செய்தல் வேண்டும், அல்லது மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும். நாய்க்கும் துவக்குக்கும் கடைக்கும் கூட அவ்வாண்டில் வரி வந்தது.

கோப்பித் தோட்டத் துரைக்கும் அதே மூன்று சிலிங். ஒரு வேளைக் கஞ்சிக்குத் திண்டாடிய குடியானவனுக்கும் அதே மூன்று சிலிங். அவ்வீதிகளாற் பெரும் பயன் பெற்றது தோட்டங்களே. 1848 யூலையில் மாத்தளையிற் கிளர்ச்சி வெடித்தது. புரன் அப்பு ஓகஸ்ற் மாதம் சுட்டுக் கொல்லப்பட்டான். அடக்குமுறையின் கொடுமை பிரித்தானிய நாடாளுமன்றம் வரை பேசப்பட்டு, 1850இல் ரொறிங்ரன் நாடு திரும்ப நேர்ந்தது. ஆயினும் வீதிக்கான தலைவரி நிலைத்து நின்றது. 1920களின் தொடக்கத்தில் ஏ. ஈ. குணசிங்கவும் அவரது தோழர்களும் அவ்வரியைக் கட்ட மறுத்து, அதற்குப் பதிலாக வீதியில் வேலை செய்து எதிர்ப்புக் காட்டினர். அதன் பின்னரே அது ஒழிந்தது.

வீதிக்காக வரி கொடுத்தலே பிழை என்று இவ்வரலாறு கூறவில்லை. பயன்பெறுபவனுக்கும் பயன்பெறாதவனுக்கும், உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே அளவில் வரி விதித்து, எந்த வீதியைத் திருத்துவது என்று தீர்மானிக்கும் உரிமையை மட்டும் கொடாமல் விட்டதே பிழை.

புகுந்த நாடுகளில்

1990இல் இலண்டனில் வாழ்ந்த எம்மவர்க்கு இது புதிய பாடமன்று. வீட்டின் பெறுமதியை நோக்காது ஆளுக்கு ஆள் அறவிடும் தலைவரியை அங்குள்ள அரசு கொண்டு வந்தபோது, அவ்வாண்டு மார்ச் 31இல் திரபல்கர் சதுக்கத்திற் கலகம் மூண்டது. 1993இல் வீட்டின் பெறுமதியை அடியாகக் கொண்ட உள்ளூராட்சி வரி அதன் இடத்தைப் பிடித்தது. குப்பை அள்ளுவதும் தெரு விளக்கும் ஊர் வீதிக் குழிகளும் இன்று அச்சபைகளின் பொறுப்பு. ரொறன்ரோவிலும் நகர வீதிகளுக்கு ஆதன வரியே ஆதாரம். சொந்த வீடில்லாதவர் தாம் வரி கட்டவில்லை என எண்ணலாம். வீட்டுக்காரர் அதனை வாடகையில் ஏற்றியிருப்பார்.

ஜேர்மனியில் வேறொரு முறை இருந்தது. தெரு ஒன்றைப் புதுப்பித்தால், அத்தெருவில் வீடு வைத்திருப்போர் செலவில் ஒரு பங்கைக் கொடுக்கவேண்டும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்குப் பல ஆயிரம் நாணயத்துக்கு ஒரே தடவையிற் சீட்டு வரும். மக்கள் எதிர்த்தமையால் பவேரியா மாநிலம் 2018இல் அம்முறையைக் கைவிட்டது. ஒரு தெருவார் மட்டும் சுமந்த சுமை மாநிலத்தார் அனைவர்க்கும் பகிரப்பட்டது.

இவ்விடத்தில் வாசகர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். எமது ஊர்ச்சங்கங்கள் இன்று செய்வது, பவேரியா கைவிட்ட முறையை ஒத்ததே. அந்த ஒழுங்கையில் பிறந்தவர்களே அந்த ஒழுங்கைக்குக் காசு கொடுக்க வேண்டும் என்கின்றோம். கனடாவில் இருபது குடும்பம் உள்ள ஒழுங்கைக்குக் கொங்கிறீற் வரும். எவரும் வெளிநாடு போகாத அடுத்த ஒழுங்கையிற் சேறு கிடக்கும். அங்கே இருப்பவரும் எம்மவரே.

எந்த வீதி யாருடையது?

இலங்கையில் ‘ஏ’, ‘பி’ தரத்து நெடுஞ்சாலைகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. ‘சி’, ‘டி’ தரத்து வீதிகள் மாகாண சபையின் கீழ் வருவன. எஞ்சிய ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. முன்னிருந்த கிராம சபைகளும் பட்டின சபைகளும் மறைந்த பின், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைத் தோற்றுவித்தது. ஆகவே கடிதம் எழுதுவோர் முதலில் அறியவேண்டியது, தமது வீதி எந்தப் பட்டியலில் உள்ளது என்பதே. பதிவில் இல்லாத ஒழுங்கைக்குச் சபை சட்டப்படி பணம் ஒதுக்குவது கடினம்.

சபையின் கைக்குப் பணம் வரும் வழிகள் சில. ஆதன வரி, அதாவது எமது முதியோர் சோலை வரி என்று அழைத்தது, அவற்றுள் ஒன்று. வீட்டின் ஆண்டுப் பெறுமதியில் ஒரு வீதமாக அது கணிக்கப்படும். சந்தைக் குத்தகை, வியாபார அனுமதிக் கட்டணம், நீதிமன்றக் குற்றப்பணம், காணி கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வை என்பன ஏனையவை. பிரதேச சபை எல்லா இடத்திலும் ஆதன வரி அறவிட முடியாது. அபிவிருத்தியடைந்த பகுதி எனப் பிரகடனம் செய்த இடங்களிலேயே அறவிடலாம். பெறுமதி மதிப்பீடு காலந்தோறும் புதுப்பிக்கப்படாவிடின், மாடி வீடு எழுந்த வளவுக்கும் பழைய ஓலை வீட்டுக் கணக்கே நிற்கும்.

போரின் பின்னர் வடக்கில் பெருவீதிகள் பல காப்பெற் இட்டுப் பளபளத்தன. ஆசிய அபிவிருத்தி வங்கியினதும் சீனாவினதும் கடன்கள் அவற்றுக்கு உதவின. கடன் என்பது பின்போடப்பட்ட வரியாகும். 2022 ஏப்ரில் மாதம் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என அறிவித்தது. 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்ந்து நின்றது. வீதியிற் காரோட்டாத கிழவியும் சவர்க்காரம் வாங்கும்போது அக்கடனிற் பங்கு கொடுக்கின்றாள். அதற்கிடையில் 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் ஆயுட்காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை, ஒழுங்கையிலுள்ள குழியைச் சென்று முறையிட ஊருக்கு ஓர் அங்கத்தவர் இருக்கவில்லை. இப்போது இருக்கின்றார்.

எமது கதவும் பூட்டித்தான் கிடக்கின்றது

தேநீர்க் கடைக் கூட்டத்திற்கு மீள்வோம். வாக்குவாதம் சூடேறியபோது, அதுவரை பேசாதிருந்த ஒருவர் மெல்லக் கேட்டார்: “சபை சபை எண்டு சொல்லுறியள். எங்கடை வீட்டுக்குச் சோலை வரி கட்டி எத்தனை வருசம்?” எவரும் வாய் திறக்கவில்லை. மூத்தவர் குனிந்து தேநீரைப் பார்த்தார். நாமும் அங்கிருந்தோம். எமக்கும் பதில் இருக்கவில்லை. இடம்பெயர்ந்த நாள் தொட்டு எமது வீட்டுக் கணக்கை நாம் விசாரித்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் குடியியற் பாடத்தில் உள்ளூராட்சி மன்றத்தின் வருமானங்களைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவர்கள் நாம்.

போரில் இடிந்த வீட்டுக்கும், படை இருந்த காணிக்கும் வரி கட்டவில்லையென எவரும் எம்மைக் குறைகூற முடியாது. எனினும் இன்று வெளிநாட்டவரின் வீடுகள் பல புதுப்பிக்கப்பட்டு, விடுமுறைக்கு மட்டும் திறக்கப்பட்டுக் கிடக்கின்றன. வாயிலுக்கு முன்னாற் போகும் ஒழுங்கையால் அவ்வீட்டின் விலை உயர்கின்றது. அதற்குரிய சிறு தொகையைக் கட்டாது விட்டு, பின்னர் பெருந்தொகையை நன்கொடையாக அனுப்பி, அதற்குப் பெயர்ப்பலகையும் நாட்டுகின்றோம். சோலை வரிக்குப் பெயர்ப்பலகை இல்லை. பற்றுச்சீட்டு ஒன்றே உண்டு. அப்பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருப்பவர் சபை வாசலில் நின்று கேள்வி கேட்கலாம். நன்கொடை கொடுத்தவர் நன்றியுரை ஒன்றையே கேட்கலாம்.

அப்படியாயின் பிள்ளைகள் இந்த மாரியிலும் சேற்றில் நடக்க வேண்டுமா என இளைஞர் கேட்டது நியாயமே. எமது சிந்தைக்கு எட்டியவற்றை இங்கு முன்வைக்கின்றோம்.

முதலாவது, ஊரில் வீடுள்ளவர் ஒவ்வொருவரும் உறவினர் ஒருவர் மூலம் தமது ஆதன வரிக் கணக்கை விசாரித்து நிலுவையைத் தீர்த்தல். ஆண்டு முழுமைக்கும் உரிய வரியை ஜனவரி 31க்கு முன் கட்டினால் பத்து வீதக் கழிவு உண்டு. பற்றுச்சீட்டு உறுதிக்கு ஈடாகாது. எனினும் காணியோடு எமக்குள்ள தொடர்பை அது ஆண்டுதோறும் பதிவு செய்கின்றது. ஆளில்லா வளவுகளில் பிறர் வேலி தள்ளும் காலத்தில் அது சிறு பயனன்று.

இரண்டாவது, காசு அனுப்புமுன் வாசிகசாலையினர் சபைக்கு எழுத்தில் விண்ணப்பித்து, வீதி பதிவில் உண்டா, இவ்வாண்டுப் பாதீட்டில் இடமுண்டா எனக் கேட்டுப் பதில் பெறுதல். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத் துணை. சபை ஒரு பங்கும் ஊர்ச்சங்கம் ஒரு பங்குமாகப் பொறுப்பேற்று, பராமரிப்புச் சபையினதே என எழுத்தில் பெற்ற பின் பணம் கொடுத்தல் நன்று.

மூன்றாவது, கொங்கிறீற்றுக்கு முன் வாய்க்காலைப் பார்த்தல். வீதியின் முதற் பகைவன் நீர். மதகு அடைபட்டு வெள்ளம் தேங்கினால் எத்தனை அங்குலக் கொங்கிறீற்றும் அடியில் மண் கரைந்து பிளக்கும். அடுத்த பகைவன் பாரம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடத்திய பரிசோதனை, அச்சின் பாரம் இரட்டித்தால் வீதிக்கு நேரும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகும் எனக் காட்டியது. பிள்ளைகளின் சைக்கிள் ஒழுங்கையை உடைக்கவில்லை. வீடு கட்டக் கல்லும் மணலும் ஏற்றி வந்த ரிப்பர் உடைத்தது. அந்த வீடுகளிற் பல எம்முடையவை. வாய்க்காலை வெட்டித் துப்புரவாக்க ஒரு ஞாயிறு சிரமதானம் போதும். 1958இல் ஆசிரியராக இருந்த ஏ. ரி. ஆரியரத்ன மாணவரோடு தொடங்கிய அவ்வழி எமது கிராமங்களுக்கும் பழக்கமானதே. கட்டாய ஊழியம் வேறு, ஊரார் மனமுவந்து மண்வெட்டி எடுப்பது வேறு.

அன்று மாலை இருநூறு ரியால் மேசையிலேயே கிடந்தது. இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மதகைத் திறந்து வாய்க்காலை வெட்டவும், பள்ளிக்கூட வாசலில் உள்ள பெருங்குழிகளுக்குக் கிறவலும் சல்லியும் இடவும் ஒரு தொகை உடனே அனுப்புவது. கொங்கிறீற் வேலை சபையின் பதில் வந்த பின். சோலை வரி நிலுவையை அவரவர் அடுத்த கூட்டத்துக்கு முன் அறிந்து வருவது. மூத்தவரும் நூறு ரியால் வைத்தார். “வரியையும் கட்டி இதையும் குடுக்கிறன். ஆனால் கணக்கு வரவேணும்” என்றார்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நகர்ந்தவர்கள் இப்பத்திரிகையின் வாசகர்களிற் பலர். இலட்சக்கணக்கானோர் ஒரே வீதியில் அடிமேல் அடி வைத்துச் சென்ற அன்று, அவ்வீதியின் ஒவ்வொரு குழியும் எமது காலுக்குத் தெரிந்தது. சைக்கிளின் பின்னிருந்த கிழவரைச் சேற்றிலிருந்து தூக்கி விட்டவர் யாரென இன்றும் எமக்குத் தெரியாது. அந்த இரவுக்குப் பின் ஊரில் எஞ்சியிருப்போர்க்கும் மீண்டோர்க்கும் நாம் கடன்பட்டுள்ளோம். அக்கடனை நன்கொடையாக மட்டும் தீர்த்தால், அவர்கள் எப்போதும் எமது கடிதப் பதிலுக்குக் காத்திருப்பர். வரியாகவும் கணக்காகவும் கேள்வியாகவும் தீர்த்தால், அவர்கள் தமது சபையிடம் உரிமையோடு கேட்பர்.

ஜனவரி 31க்கு இன்னும் நாள் உண்டு. வாசகர்கள் தத்தம் ஊரில் உள்ள ஒருவருக்கு இக்கிழமையே எழுதுவாராக.